எந்த டிஸ்ட்ரிக்டில் வீடு?

நியூ ஜெர்சியில் வாழ்ந்த ஆண்டுகளை நினைத்தால், நம்மவர்கள் கூடும் இடங்களிலெல்லாம் தவறாமல் எழுந்த ஒரு பேச்சுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பிரிட்ஜ்வாட்டர் கோயிலின் உணவுக்கூடம், வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் தாழ்வாரம், யாராவது வீட்டுப் பிறந்தநாள் விருந்து, எங்கே ஆனாலும் சரி, மூன்று நான்கு வயதுக் குழந்தையின் பெற்றோர் சந்தித்துக்கொண்டால் பேச்சு "எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பார்க்கறீங்க?" என்பதில் வந்து நிற்கும். எடிசன், சவுத் பிரன்ஸ்விக், மான்ட்கோமரி, வெஸ்ட் விண்ட்சர்-பிளெயின்ஸ்போரோ என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும். ஒவ்வொரு பள்ளிக்கும் பத்துக்கு எத்தனை என்று ஓர் எண்ணும் கூடவே வரும். அந்த எண்ணை வைத்து வீட்டு விலையில் ஒரு லட்சம் டாலர் கூடக் கொடுப்பதா என்று தீர்மானிக்கும் குடும்பங்களின் நடுவே நெடுங்காலம் வாழ்ந்ததில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. அந்த எண் பள்ளியின் கற்பித்தலைக் காட்டுவதைவிட அந்தப் பகுதி வீடுகளின் வருமானத்தைத்தான் அதிகம் காட்டுகிறது. அதற்காகக் கடனை இழுத்துக்கொள்ள வேண்டிய தேவை மிகக் குறைவாக இருப்பதும் நம் குடும்பங்களுக்குத்தான்.

தமிழ்நாட்டில் இருந்து பார்ப்பவர்களுக்கு இந்தக் கவலையே விளங்காமல் போகலாம். இங்கே கல்வி மாவட்டம் என்பது நிர்வாகத்துக்காகப் பிரித்த எல்லை. ஆசிரியர் சம்பளம் மாநில அரசிடமிருந்து வருகிறது. அமெரிக்காவில் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குத் தேர்தலில் வந்த தனி வாரியம் உண்டு, தனி வரவு செலவு உண்டு. ஆசிரியர்களை அந்த மாவட்டமே நியமிக்கிறது, சம்பள ஒப்பந்தத்தையும் அதுவே போடுகிறது. பள்ளிச் செலவில் மத்திய அரசின் பங்கு பொதுவாகப் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மீதியை மாநிலமும் உள்ளூரும் ஏறக்குறைய சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன. உள்ளூர்ப் பங்கு பெரும்பாலும் வீட்டு வரியிலிருந்து வருவது. நியூ ஜெர்சியில் வீடு வைத்திருப்பவர் கையில் வரும் வரிச் சீட்டைப் பார்த்தால் இது கண்ணெதிரே தெரியும். கவுன்டிக்கு ஒரு வரி, நகராட்சிக்கு ஒரு வரி, பள்ளிக்கு ஒரு வரி என்று தனித்தனி வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். பள்ளிக்கான தொகைதான் பெரிது, பல ஊர்களில் மொத்தத்தில் பாதிக்கு மேல். மாநிலத்தின் சராசரி வீட்டு வரி இப்போது ஆண்டுக்கு 10,000 டாலர் அளவில் இருக்கிறது என்றால், பிள்ளை இல்லாத வீட்டுக்காரரும் ஆண்டுதோறும் எவ்வளவு பள்ளிக்குக் கட்டுகிறார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வீட்டின் விலையும் பள்ளியின் தரமும் ஒரே பேச்சில் வருவதற்கு வேர் இந்தச் சீட்டில்தான் இருக்கிறது.

இந்த ஏற்பாடு நியாயமா என்ற கேள்வி நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு மாவட்டங்கள். எட்ஜ்வுட்டில் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி ஏழைக் குடும்பங்கள். அலமோ ஹைட்ஸ் வசதியானவர்களின் பகுதி. 1967-68 கல்வியாண்டில் எட்ஜ்வுட்காரர்கள் சொத்து மதிப்பில் ஒவ்வொரு 100 டாலருக்கும் 1.05 டாலர் வரி கட்டினார்கள்; அலமோ ஹைட்ஸில் 85 சென்ட். அதிக விகிதத்தில் வரி கட்டிய எட்ஜ்வுட்டில் ஒரு மாணவருக்குச் செலவழிக்க முடிந்தது 356 டாலர். குறைவாகக் கட்டிய அலமோ ஹைட்ஸில் 594 டாலர். சொத்து மதிப்பே அடிமட்டத்தில் இருந்தால் எவ்வளவு விகிதம் ஏற்றினாலும் கைக்கு வருவது சொற்பம்தான். 1973இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கல்வி கூட்டாட்சி அரசியலமைப்பு உறுதிசெய்த அடிப்படை உரிமை ஆகாது என்று சொல்லி இந்த முறையை நிற்கவிட்டது. அடுத்த ஆண்டே, டெட்ராய்ட் தொடர்பான மில்லிகன் வழக்கில், நகரத்தின் இனப் பிரிவினையைச் சரிசெய்ய அந்தத் தவற்றில் பங்கில்லாத புறநகர் மாவட்டங்களை இழுக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. அதே ஐந்துக்கு நான்கு. இந்த இரண்டு தீர்ப்புகளும் சேர்ந்து மாவட்ட எல்லையை மதிலாக்கிவிட்டன. பிற்பாடு வந்து இறங்கிய நாம் எந்தப் பக்கம் வீடு வாங்குவது என்று கேட்பது அந்த மதிலைப் பார்த்துத்தான்.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். 2002இல் கையெழுத்தான சட்டம் ஒன்று, மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும், உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறை, வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைத்து முடிவுகளை வெளியிட வேண்டும் என்று எல்லா மாநிலங்களையும் கட்டாயப்படுத்தியது. தரவு குவிந்ததும் அதைச் சுருக்கி மதிப்பெண் போடும் தளங்களுக்கு வாழ்வு வந்தது. 1998இல் தொடங்கிய கிரேட்ஸ்கூல்ஸ் ஒன்றிலிருந்து பத்து வரை எண் கொடுக்கிறது. ஜில்லோ, ரெட்ஃபின் போன்ற வீடு தேடும் தளங்கள் அந்த எண்ணை வீட்டின் படத்துக்கும் விலைக்கும் கீழே காட்டுகின்றன. தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதே நெடுநாள் அந்த எண்ணின் முதுகெலும்பு. ஆனால் தேர்ச்சியை எது தீர்மானிக்கிறது என்பதற்கு 1966இலேயே கோல்மன் அறிக்கை பதில் சொல்லியிருந்தது. குடிமை உரிமைகள் சட்டத்தின்படி அமெரிக்க அரசே நடத்திய ஆய்வு அது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவு அதில் உண்டு. பள்ளிக்குப் பள்ளி உள்ள வசதி வேறுபாட்டைவிடக் குடும்பப் பின்னணியே மதிப்பெண்ணோடு நெருக்கமாகப் பிணைந்திருக்கிறது என்று அது கண்டது. அதன் விவரங்களைப் பற்றி இன்றும் வாதம் உண்டு. மைய முடிவை யாரும் அசைத்துவிடவில்லை. காவிரிப் பாசன வயலையும் வானம் பார்த்த பூமியையும் பக்கத்தில் வைத்து, மூட்டைக் கணக்கை மட்டும் பார்த்து எந்த உழவர் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. தேர்ச்சி விகிதத்தை வைத்துப் பள்ளியை எடைபோடுவதும் அப்படித்தான்.

இங்கிருந்துதான் என் வாதம் நம் வீட்டுக்குள் வருகிறது. அந்த எண்ணைத் தூக்கிப் பிடிப்பவை எவை? பெற்றோரின் பட்டம், நிலையான சம்பளம், வீட்டில் படிப்புக்குக் கிடைக்கும் மரியாதை, பள்ளிக்கு வெளியே கணக்குக்கும் வாசிப்புக்கும் செலவழியும் நேரமும் பணமும். எச்-1பி விசாவில் வந்து மென்பொருள் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பத்திடம் இவை பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கின்றன. பத்து வாங்கிய பள்ளியைப் பத்தாக்கியதே இதுபோன்ற குடும்பங்கள்தான். ஆக, கூடுதலாகக் கொடுக்கும் அந்த லட்சம் டாலரில் பெரும்பகுதி, நம் கையில் இருப்பதையே இன்னொரு முறை விலைகொடுத்து வாங்குவதற்குப் போகிறது. அதற்கு விலையும் சாதாரணமானதா? முப்பது ஆண்டுக் கடன், அதற்கேற்ற வரி, இரண்டு பேரும் இடைவிடாமல் வேலையில் இருந்தே ஆக வேண்டிய நெருக்கடி. கிரீன் கார்டு வரிசையில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் குடும்பத்துக்கு ஒரு வேலையிழப்பு என்பது வீட்டையும் ஊரையும் சேர்த்து இழக்கும் அபாயம். பிள்ளையின் படிப்புக்குப் பெற்றோர் தரக்கூடிய முதல் பொருளான நிதானமான மாலை நேரத்தை அந்தத் தவணை தின்றுவிடுகிறது என்றால், படிப்புக்காகவே எடுத்த முடிவு படிப்புக்கு எதிராகத் திரும்புகிறது.

வீட்டு முகவரான ரியல்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்று நினைப்பவர்கள் ஒரு சட்டத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 1968இன் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் இனம், நிறம், மதம், பிறந்த நாடு போன்றவற்றை வைத்து வாங்குபவரை ஒரு பகுதிக்குத் திருப்பிவிடுவதைத் தடைசெய்கிறது. "நல்ல பள்ளி" என்ற சொல்லே சில இடங்களில் "இன்னார் வாழும் பகுதி" என்பதற்கு மறைமொழியாக வழங்கிவந்ததால், கவனமான ரியல்டர்கள் பள்ளியைப் பற்றிக் கருத்துச் சொல்ல மாட்டார்கள். தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். சட்டத்தின் நோக்கம் உயர்ந்தது. ஆனால் மனிதர் வாயால் சொல்லக் கூடாததை அந்த எண் சொல்லிவிடுகிறது. கல்வி பற்றி எழுதும் சாக்பீட் என்ற செய்தி நிறுவனம் 2019இல் ஆராய்ந்தபோது, கிரேட்ஸ்கூல்ஸ் எண்கள் வெள்ளையரும் வசதியானவர்களும் மிகுந்த பள்ளிகளை நோக்கியே வீடு தேடுபவர்களைத் தள்ளுகின்றன என்று கண்டது. அடுத்த ஆண்டு அந்தத் தளமே தன் கணக்கீட்டை மாற்றி, மாணவர் முன்னேற்றத்துக்குக் கூடுதல் எடை கொடுத்தது. எண்ணைத் தயாரிப்பவர்களே திருத்திக்கொண்ட ஒன்றை வாங்குபவர்கள் வேதவாக்காக எடுத்துக்கொள்வது சரியாகாது.

எடிசனைப் பாருங்கள். ஒரே ஊர், ஒரே மாவட்டம், ஒரே வாரியம். ஆசிரியர் சம்பள ஒப்பந்தமும் ஒன்று, பாடத்திட்டமும் ஒன்று. உயர்நிலைப் பள்ளி மட்டும் இரண்டு: வடக்கே ஜே.பி. ஸ்டீவன்ஸ், தெற்கே எடிசன் ஹை. நம்மவர்கள் வீடு தேடும்போது "ஜே.பி. ஸ்டீவன்ஸ் வருமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சமையலறையைப் பார்ப்பார்கள், வடக்கு எடிசன் விலை அதற்கேற்ப நிற்கும். இதுபோன்ற விலை வேறுபாட்டைப் பொருளியல் ஆய்வாளர் சாண்ட்ரா பிளாக் 1999இல் வெளியான ஆய்வில் அளந்தே காட்டினார். பாஸ்டன் புறநகர்களில் ஒரே மாவட்டத்துக்குள், தொடக்கப் பள்ளிச் சேர்க்கை எல்லைக்கு இருபுறமும் அருகருகே இருக்கும் வீடுகளை எடுத்து ஒப்பிட்டார். அக்கம்பக்கம் ஒன்று, வரி ஒன்று. பள்ளி மட்டும் வேறு. தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் பெற்றோர் வீட்டுக்கு 2 முதல் 2.5 சதவீதம் வரை கூடக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தது. எல்லையைக் கணக்கில் எடுக்காத பழைய முறையில் இந்தத் தொகை ஏறக்குறைய இரு மடங்காகத் தெரிந்திருக்கும். பள்ளிக்கென்று நாம் நினைத்துக் கொடுக்கும் பணத்தில் பாதி, தெருவுக்கும் மரத்துக்கும் அண்டைவீட்டார் வருமானத்துக்கும் போவது என்று இதற்குப் பொருள்.

அப்படியானால் ஒப்பிடவே வேண்டாமா என்றால், ஒப்பிட வேண்டும். வேறொன்றை ஒப்பிட வேண்டும். ஒரு பள்ளிக்குள் நுழைந்தபோது இருந்த நிலையிலிருந்து பிள்ளைகள் ஓராண்டில் எவ்வளவு தூரம் வந்தார்கள் என்பதுதான் கற்பித்தலுக்கு நெருக்கமான அளவு. நியூ ஜெர்சி மாநிலக் கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் வெளியிடும் செயல்பாட்டு அறிக்கையில் இதற்கென ஒரு பகுதி உண்டு. ஒரு மாணவரை, இதற்கு முந்தைய தேர்வுகளில் அவரைப் போலவே மதிப்பெண் வாங்கிய மற்ற மாணவர்களோடு மட்டும் வைத்து, அவர்களில் எத்தனை சதவீதத்தினரை இந்த ஆண்டு முந்தினார் என்று கணக்கிடுவார்கள்; பள்ளியின் நடு எண் 50ஐ ஒட்டி இருந்தால் வழக்கமான வளர்ச்சி. இதைத் திறந்து பார்த்தால் பத்து வாங்கிய பள்ளி 50க்குக் கீழேயும், ஐந்து வாங்கிய பள்ளி 60க்கு மேலேயும் இருக்க இடமுண்டு என்பது புரியும். அதே அறிக்கையில் நாள்பட்ட வருகையின்மை, ஆசிரியர்களின் அனுபவம், ஓர் ஆலோசகருக்கு எத்தனை மாணவர்கள் என்ற விவரங்களும் இருக்கும். நாடு தழுவிய சான்றும் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் நாடெங்கிலுமுள்ள தேர்வு முடிவுகளை ஒரே அளவுகோலில் கொண்டுவந்து பார்த்தார். 2009இல் மூன்றாம் வகுப்பில் இருந்த சிகாகோ மாணவர்கள் 2014இல் எட்டாம் வகுப்பு வருவதற்குள், ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய ஆறு ஆண்டுப் படிப்பைக் கடந்திருந்தார்கள். பெரிய மாவட்டங்களில் முன்னணி வளர்ச்சி அது. சராசரி மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் சிகாகோவை யாரும் பட்டியலிலேயே சேர்த்திருக்க மாட்டார்கள்.

கூடப் படிப்பவர்கள் முக்கியமில்லையா என்று கேட்பார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளோடு பழகினால் நம் பிள்ளையும் படிக்கும் என்பதில் உண்மை இருக்கிறது; நான் அதை மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை பழகுவது பள்ளியின் சராசரியோடு கிடையாது. ஒரு வகுப்பறையோடு, ஓர் இசைக் குழுவோடு, நான்கைந்து நண்பர்களோடு. ஆயிரக்கணக்கில் மாணவர்கள் உள்ள நடுத்தர மதிப்பெண் உயர்நிலைப் பள்ளியிலும் மேல்நிலைக் கணக்கும் இயற்பியலும் எடுக்கும் கூட்டம் போதுமான அளவு இருக்கும். இன்னொரு பக்கம், போட்டியே மூச்சாகிவிட்ட பள்ளிகளின் விலையையும் சொல்லியாக வேண்டும். வெஸ்ட் விண்ட்சர்-பிளெயின்ஸ்போரோவில் 2015இல் மாவட்டக் கண்காணிப்பாளர் பெற்றோருக்கு 16 பக்கக் கடிதம் எழுதினார். அதற்கு முந்தைய கல்வியாண்டில் 120 மாணவர்கள் மனநல மதிப்பீட்டுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள், 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்ற விவரம் அப்போதுதான் வெளியே பேசப்பட்டது. உயர்நிலைப் பள்ளியில் அரையாண்டு, முழுஆண்டுத் தேர்வுகளை மாவட்டம் எடுத்துவிட்டது. ஆசியப் பெற்றோரில் பலர் இந்த மாற்றங்களை எதிர்த்தார்கள். எந்த ஊருக்குப் போனால் பிள்ளை உருப்படும் என்று நம்பி விலை கொடுத்தோமோ, அந்த ஊரே பாரத்தை இறக்கிவைக்கச் சொன்னபோது நம் சமூகத்தில் பலருக்குக் காது கேட்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு இன்னும் மனம் கனக்கிறது.

விற்கும்போது விலை வரும் என்பது அடுத்த வாதம். இது உண்மை, சாண்ட்ரா பிளாக்கின் ஆய்வே அதற்குச் சாட்சி. ஆனால் இது வீட்டைப் பற்றிய வாதம், பிள்ளையைப் பற்றியது இல்லை. முதலீடு என்றால் முதலீட்டுக்குரிய கேள்விகளைக் கேட்க வேண்டும்: இடைப்பட்ட ஆண்டுகளின் வட்டியும் வரியும் எவ்வளவு, சேர்க்கை எல்லையை வாரியம் மாற்றிவிட்டால் என்ன ஆகும். எல்லைகள் நிலையானவை இல்லை. மாணவர் எண்ணிக்கை ஏறினாலும் இறங்கினாலும் வாரியம் கோட்டைத் திருத்தி வரையலாம். அதற்கு வீட்டுப் பத்திரத்தில் எந்தத் தடையும் கிடையாது. கலிஃபோர்னியாவின் கூப்பர்டினோ நம்மவர்களின் கனவு ஊர்களில் ஒன்று. இளம் குடும்பங்கள் குடியேற முடியாத அளவுக்கு விலை ஏறிப் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்ததில், அங்கே தொடக்கப் பள்ளிகளையே மூட வேண்டிவந்தது. முகவரியும் ஏமாற்றும். வெஸ்ட் விண்ட்சரிலும் சவுத் பிரன்ஸ்விக்கிலும் இருக்கும் பல வீடுகளின் அஞ்சல் முகவரியில் பிரின்ஸ்டன் என்றிருக்கும்; பிரின்ஸ்டன் பள்ளிக்கும் அந்த வீட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. ஃப்ரீமான்ட் யூனியன் உயர்நிலைப் பள்ளி மாவட்டம் ஃப்ரீமான்ட் நகரத்தில் இல்லை, கூப்பர்டினோ, சன்னிவேல் பக்கம் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் மாவட்ட அலுவலகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு, கதவு எண்ணைச் சொல்லி, எந்தப் பள்ளி என்று கேட்டுவிடுவது ஒன்றே வழி. வாடகைக்கு இருப்பவர் பிள்ளைக்கும் அதே பள்ளியில் அதே உரிமை உண்டு என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பள்ளி கேட்பது அந்த எல்லைக்குள் குடியிருக்கிறீர்கள் என்பதற்கான சான்று. வாடகை ஒப்பந்தமும் அப்படிப்பட்ட சான்றுதான்.

மிகவும் தாழ்ந்த மாவட்டத்துக்குப் போகச் சொல்கிறாயா என்பதுதான் இருப்பதிலேயே கடினமான கேள்வி. பாதுகாப்பு இல்லாத பள்ளி, ஆசிரியர் ஆண்டுதோறும் மாறும் பள்ளி, உயர்நிலைக் கணக்கே கற்பிக்காத பள்ளி ஆகியவற்றைத் தவிர்க்க எந்தப் பெற்றோருக்கும் உரிமை உண்டு. நான் பேசுவது ஏழுக்கும் பத்துக்கும் இடையே நடக்கும் ஓட்டத்தைப் பற்றி. சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளையின் பெற்றோருக்கோ இந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. 1975இன் சட்டம் அப்படிப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுதித் தரும் பொறுப்பை மாவட்டத்தின் மேல் வைத்திருக்கிறது. அதை மனமுவந்து செய்யும் மாவட்டம் எது, ஒவ்வொரு பேச்சுப் பயிற்சி மணிக்கும் வழக்கறிஞரைக் கூட்டிவர வைக்கும் மாவட்டம் எது என்பதை அங்கே படிக்கும் அதுபோன்ற பிள்ளைகளின் பெற்றோர்தான் சொல்ல முடியும்.

தாழ்ந்த மாவட்டம் என்று நாம் ஒதுக்குவதும் எப்போதும் சரியாக இருப்பதில்லை. ஏபட் என்ற வழக்கில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1990இல் ஏழை நகர மாவட்டங்களுக்குப் பணக்காரப் புறநகர்களுக்கு ஈடான நிதி கொடுக்கச் சொன்னது. 1998இல் அங்கே மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்குத் தரமான இலவச மழலைக் கல்வி தரவும் ஆணையிட்டது. அந்த மாவட்டங்களில் ஒன்றான யூனியன் சிட்டி, 1980களின் இறுதியில் மாநிலமே கையகப்படுத்தும் நிலையில் இருந்தது. ஸ்பானிய மொழி பேசும் ஏழைக் குடியேறிகளின் ஊர். மழலைக் கல்வியிலும் ஆசிரியர் பயிற்சியிலும் பொறுமையாக உழைத்து அது எழுந்த கதையை டேவிட் கிர்ப் 2013இல் ஒரு நூலாகவே எழுதினார். ஏபட் தீர்ப்பு வந்த மாவட்டங்களின் பட்டியலில் ஜெர்சி சிட்டியும் உண்டு. ஜர்னல் ஸ்கொயர் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல அந்த இலவச மழலை வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பி, ஆசிரியையைப் பாராட்டி, பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிப்பதைப் பார்த்து மகிழ்கின்றன. ஐந்து வயது நெருங்கும்போது அதே குடும்பங்கள் எண்ணைப் பார்த்துப் புறநகரில் வீடு தேடக் கிளம்புகின்றன. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கிளம்புவதற்கு முன், பிள்ளை அடுத்துப் போகவேண்டிய தொடக்கப் பள்ளியின் மாநில அறிக்கையைத் திறந்து வளர்ச்சிக்கான பகுதியைப் படியுங்கள். அந்தப் பள்ளிக்கே ஒரு காலை நேரம் போய் இரண்டாம் வகுப்பின் கடைசி வரிசையில் உட்காரக் கேளுங்கள். புறநகர் வீட்டுக்கான மாதத் தவணையைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகு, மாலை ஆறு மணிக்கு அந்த வீட்டில் யார் இருப்பார்கள் என்பதையும் சேர்த்து எழுதி வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.